காசு, சல்லி, துட்டு: நம் சந்தையில் புழங்கும் சொற்கள் எங்கிருந்து வந்தவை?

உப்புவெளி வாசி

வணக்கம். ஒரு சொல்லைப் பற்றிய ஐயத்தோடு வந்திருக்கிறேன்.

மகள் பத்தாம் தரம் படிக்கிறாள். தமிழ்மொழித் தினப் போட்டிக்குப் பேச்சு ஒன்று எழுதினாள். "வெள்ளைக்காரர் நாள்தோறும் உச்சரிக்கும் ‘கேஷ்’ என்ற சொல் நம் காசிலிருந்தே பிறந்தது" என்று அதில் ஒரு வரி. ஆசிரியை அந்த வரியைச் சிவப்பு மையால் சுழித்து, ஓரத்தில் "ஆதாரம்?" என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்திருக்கிறார். பிள்ளைக்குப் பெரிய மனக்குறை. எனக்கோ ஆசிரியையின் கேள்வி நியாயமாகவே படுகிறது. இணையத்தில் இதை எழுதாதவர் இல்லை; ஆதாரம் சொன்னவரைத்தான் காணவில்லை.

இதே நினைவோடு சனிக்கிழமை காலை அவளையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு திருகோணமலை மீன் சந்தைக்குப் போனேன். சூடை மீன் நிறுத்த கிண்ணியாத் தம்பி, "சல்லியைப் பிறகு தாருங்கள் அம்மா, முதலில் மீனைப் பாருங்கள்" என்றார். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தபடி, "காசு எவ்வளவு என்று சொல் மகன்" என்றார். பக்கத்தில் நின்ற சிங்கள அம்மையார் ஐந்து ரூபாய்க் குற்றிகளை உள்ளங்கையில் பரப்பி எண்ணிப் பார்த்தார். ‘காசி’ போதாது என்று தன் மகனிடம் சொல்லிவிட்டுக் கைப்பையைத் திறந்து தாளை எடுத்தார். தாளை நீட்டும்போது அவர் வாயில் வந்த சொல் ‘சல்லி’. மகள் என் கையைச் சுரண்டினாள். "அப்பா, குற்றிக்கு மட்டும் காசி என்கிறார், கவனித்தீர்களா?"

கவனித்தேன். விடைதான் தெரியவில்லை. அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டைவாசல்

அண்ணா, இதற்கு ஆதாரம் வேறு வேண்டுமா? காசு, கேஷ் இரண்டையும் உரக்கச் சொல்லிப் பாருங்கள். கட்டுமரம் அவர்கள் மொழியில் ஏறியிருக்கிறது, மிளகுத்தண்ணீர் ஏறியிருக்கிறது, சுருட்டு ஏறியிருக்கிறது. காசு மட்டும் ஏறாமல் கரையில் நின்றிருக்குமா? பிள்ளை அந்த வரியை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

பழங்காசு

கோட்டைவாசல் தம்பிக்கு இருக்கும் ஆசை எனக்கும் உண்டு. முப்பது ஆண்டுகளாகப் பழைய காசுகளைத் தேடிச் சேர்த்து வருகிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன்: ஆசிரியை கேட்டது சரி. பிள்ளை எழுதியதில் பாதி உண்மையும் இருக்கிறது.

ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்று ஒரே எழுத்தில் எழுதும் சொற்கள் இரண்டு. முதலாவது, கடையில் "கேஷா, கார்டா?" என்று கேட்கிறார்களே, அந்தக் கேஷ். அது இத்தாலியம், பிரெஞ்சு வழியாக வந்தது. மூலம் இலத்தீன் ‘காப்ஸா’. பொருள், பெட்டி. பணம் வைக்கும் பெட்டிக்கு இருந்த பெயர், நாளடைவில் உள்ளே இருந்த பணத்துக்கு ஆகிவந்தது. ஊர் சிரித்தது என்றால் ஊரில் உள்ளவர்கள் சிரித்தார்கள் என்று பொருள் கொள்கிறோம் அல்லவா, அதே இடவாகுபெயர். இந்தக் கேஷுக்கும் நம் காசுக்கும் உறவு இல்லை.

இரண்டாவது கேஷ், பழைய கப்பற்கணக்குகளிலும் கம்பனிக் கணக்குகளிலும் வருவது. சிறிய செப்புக்காசின் பெயர். அது நம் காசேதான். போர்த்துக்கேயர் தமிழ்க்கரையில் கேட்ட காசைத் தங்கள் எழுத்தில் ‘கைஷா’ என்று எழுதினார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் ‘கைஷா’ என்றே பெயர். எல்லாக் குழப்பத்துக்கும் வேர் அங்கே இருக்கிறது. அவர்கள் வாயிலிருந்து ஆங்கிலேயர் வாய்க்குப் போய் அது கேஷ் ஆயிற்று. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பனி, 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று கணக்கு வைத்திருந்தது. 1803 ஆம் ஆண்டுச் செப்புக்காசு ஒன்று என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கம் கம்பனியின் இலச்சினை; மறுபக்கம் பாரசீக எழுத்து, அதன் கீழே 20 என்பதற்கான உரோம எண்ணும் ‘கேஷ்’ என்ற சொல்லும். பர்மிங்ஹாமில் அடித்துக் கப்பலில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பியவை அவை. சீமையில் இருந்த பட்டறைக்காரன் அச்சில் வெட்டியது நம் சொல்லைத்தான்.

இன்னும் தூரமும் போயிருக்கிறது. நடுவில் சதுரத் துளை உள்ள சீனக் காசுகளுக்கும் ஐரோப்பியர் இந்தப் பெயரையே சூட்டினார்கள். சீனர் அவற்றை அப்படி அழைத்ததில்லை. நம் நாட்டில் யாப்பகூவாவில் சொங் காலத்துச் சீனக் காசுகள் கிடைத்திருக்கின்றன. ஆங்கிலப் புத்தகங்களில் அவற்றைத் தேடினால் ‘சைனீஸ் கேஷ்’ என்ற பெயரில்தான் கிடைக்கும். வார்த்தது சீனம், கிடைத்தது இலங்கை மண்ணில், பெயர் மட்டும் தமிழ்.

ஆகவே பிள்ளை அந்த வரியை அழிக்க வேண்டாம். எந்தக் கேஷ் என்பதைச் சொல்லித் திருத்தட்டும்.

கோட்டைவாசல்

இரண்டு சொல் என்பது எனக்குப் புதிது. மனம் கொஞ்சம் சோர்ந்தது, சீனத்துக் கதையைப் படித்ததும் நிமிர்ந்துவிட்டேன். நன்றி ஐயா.

ஓய்வுபெற்ற காசாளர்

என் பெயரைப் பார்த்தாலே தெரியும், 34 ஆண்டுகள் வங்கியில் காசாளராக இருந்தவன். "அரைக்காசு உத்தியோகம் என்றாலும் அரசாங்க உத்தியோகம்" என்று சொல்லிச் சொல்லி அப்பா என்னை அந்தக் கூண்டுக்குள் அனுப்பினார்.

சொற்பிறப்பு என் துறை அன்று. புழக்கத்தைப் பற்றிச் சொல்ல முடியும். தமிழ்நாட்டிலிருந்து வரும் புத்தகங்களில் ‘ரொக்கம்’ என்று இருக்கும் இடத்தில் எல்லாம் நாம் காசு என்றே எழுதுகிறோம். காசேடு, சில்லறைக் காசேடு, காசுப் பாய்ச்சற் கூற்று: உயர்தரத்தில் கணக்கீடு படித்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். தபாலகத்தில் காசுக்கட்டளை. வங்கியில் காசோலை. இந்தக் காசோலை என்ற சொல்லின் மேல் எனக்குத் தனி அன்பு. ஓலையில் எழுதிக் கொடுத்த வாக்குக்கு மதிப்பு இருந்த காலம் அதற்குள் அப்படியே இருக்கிறது. நாணயத்துக்குக் குற்றி, நோட்டுக்குத் தாள். பெயர்ப்பலகைக்காக யாரோ உட்கார்ந்து செய்த சொற்கள் அல்ல இவை. நாம் வீட்டில் கதைப்பதைத்தான் அலுவலகமும் எழுதிக்கொண்டது.

பணம் என்ற சொல்லும் நம்மிடம் இருக்கிறது. ஆனால் அது சற்றுத் தள்ளி நிற்கும். பணக்காரன், பணவீக்கம், பணப்பரிமாற்றம். கைக்குள் இருப்பது காசு: பஸ் காசு, வாடகைக் காசு, சீட்டுக் காசு. நிலாவெளிப் பக்கத்திலிருந்து ஓய்வூதியம் எடுக்க ஒரு மூதாட்டி மாதம் தவறாமல் வருவார். கூண்டுக்கு வெளியே நின்று, "மகன், பணம் வந்துவிட்டதா?" என்று கேட்பார். தாள்களை எண்ணிக் கையில் கொடுத்ததும், ஒருமுறை தானும் எண்ணி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, "காசு சரி" என்பார். ஒரு மாதம்கூட அந்த இரண்டு சொல்லும் இடம் மாறியதில்லை.

கிண்ணியா ஆற்றங்கரை

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். சந்தையில் சல்லி கேட்ட தம்பி எங்கள் ஊர் என்பதால் நான் பேசியே ஆக வேண்டும்.

எங்கள் வீடுகளில் சல்லிதான். கடன் சல்லி, கூலிச் சல்லி, பெருநாள் சல்லி. கொழும்பில் வேலை பார்த்த காலத்தில் உடன் இருந்த ஒருவர், "நீங்கள் ஏன் சிங்களச் சொல்லைப் பாவிக்கிறீர்கள்?" என்று கேட்டார். நல்ல மனிதர், குத்திக்காட்டிக் கேட்கவில்லை. இருந்தாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் உம்மாவின் உம்மா ஒரு சிங்களச் சொல்லும் அறியாதவர். ஆற்றைக் கடந்து இந்தப் பக்கம் வந்ததே அவர் ஆயுளில் நாலைந்து முறைதான். அவர் வாயிலும் சல்லிதான் இருந்தது.

சல்லி தமிழ். உடைந்த சிறு துண்டுக்குச் சல்லி என்று பெயர். வீடு கட்டும் மேசனைக் கேளுங்கள், சல்லிக்கல் எத்தனை கியூப் வேண்டும் என்று சொல்வார். துண்டு போலச் சிறிதாக இருந்த செப்புக்காசுக்கும் அதுவே பெயராயிற்று. "சல்லிக்காசுக்குப் பெறாது" என்று உங்கள் வீட்டிலும் திட்டுவார்கள். காளையின் கொம்பில் சல்லிக்காசை முடிந்து கட்டியதால் சல்லிக்கட்டு என்பார்கள். சிங்களத்துக்குப் போனது இந்தச் சல்லிதான். காசும் அதே வழியில் போய்க் ‘காசி’ ஆயிற்று.

இனி உங்கள் மகள் கவனித்ததற்கு வருகிறேன். கெட்டிக்காரப் பிள்ளை, வாழ்த்துச் சொல்லுங்கள். தமிழில் காசு வளர்ந்து செல்வம் முழுவதையும் குறிக்கத் தொடங்கியது. சல்லி சில்லறையாகவே நின்றுவிட்டது. சிங்களத்தில் சல்லி வளர்ந்து பெரிதாயிற்று. காசு குற்றியாகவே நின்றுவிட்டது. ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பிள்ளைகள் அயலூருக்குப் போய்ப் பெரியவன் சின்னவனாகவும் சின்னவன் பெரியவனாகவும் ஆகிவிட்டார்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் நாங்கள் சல்லியைப் பெரியவனாக வைத்திருக்கிறோம், காசையும் வீட்டை விட்டு அனுப்பவில்லை. மீன் தட்டுக்கு முன்னால் நீங்கள் கேட்ட மூன்று பேச்சும் இந்த இரண்டு தமிழ்ச் சொற்களுக்குள் அடக்கம்.

உப்புவெளி வாசி

கிண்ணியாக் காக்கா, இதை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். பேனையை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

தம்பலகாமத்து ஆசிரியை

இழையைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். அந்த ஆசிரியை நான் அல்ல; நானாக இருந்தாலும் அதே கேள்வியை எழுதியிருப்பேன்.

காசு முதலில் பணமாகவே பிறந்தது என்று எண்ண வேண்டாம். குறுந்தொகையின் 67 ஆம் பாட்டில் அள்ளூர் நன்முல்லை ஒரு காட்சி வைத்திருக்கிறார். கிளி வளைந்த மூக்கில் வேப்பம்பழத்தைக் கவ்வியிருக்கிறது. பொற்கொல்லன் புதிய நூலில் கோப்பதற்காகக் கூர்மையான நகங்களுக்கு இடையில் பிடித்த பொற்காசு போல அது இருக்கிறதாம். மஞ்சளாகப் பழுத்த வேப்பம்பழத்தை ஒரு முறை கையில் எடுத்துப் பாருங்கள். வடிவமும் நிறமும் உருண்டைப் பொன்மணியேதான். அங்கே காசு அணியில் கோக்கும் பொன். காசுமாலை என்று இன்றும் சொல்கிறோமே, அந்த வழி.

வெண்பா எழுதுகிறவர்கள் நாள்தோறும் இந்தச் சொல்லைத் தொடுகிறார்கள். ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்றாக முடிய வேண்டும். முதற்குறளின் ‘உலகு’ பிறப்பு. ஐந்தாம் குறள் ‘மாட்டு’ என்று முடிகிறது, அது காசு. வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதியதும் பின்வரிசைப் பையன்கள்கூட நிமிர்ந்து உட்கார்வார்கள்.

நம் ஊருக்கு நெருக்கமானது இன்னொன்று. திருக்கோணமலைப் பதிகம் பாடிய சம்பந்தரே திருவீழிமிழலையில் ‘வாசி தீரவே காசு நல்குவீர்’ என்று கேட்டார். பஞ்ச காலத்தில் அவருக்கும் அப்பருக்கும் நாளுக்கு ஒரு காசு படிக்காசாகக் கிடைத்தது என்பது வரலாறு. அப்பரின் காசு கடையில் முழு மதிப்புக்குப் போயிற்று. சம்பந்தரின் காசை மாற்றும்போது வட்டம் பிடித்துக்கொண்டார்கள். அதனால் அடியாருக்குச் சோறு தாமதமாயிற்று. அந்தக் கழிவுக்குப் பெயர் வாசி. அது நீங்கிய நல்ல காசைத் தரும்படி கேட்கிறார். ஏழாம் நூற்றாண்டில் காசுக்குத் தரம் பார்த்து மாற்றுகிற கடை இருந்தது, கழிவு இருந்தது, அந்தக் கழிவுக்குத் தனிச்சொல் இருந்தது. கோணேசர் மலையில் அவர் பதிகத்தைப் பாடும்போதெல்லாம் பசித்தவருக்காகக் காசு கேட்ட அந்தக் குழந்தைக்குரல் எனக்கு நினைவு வரும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சிலப்பதிகாரத்தின் ‘காசறு விரை’யில் வரும் காசுக்குக் குற்றம் என்று பொருள். அதைப் பணம் என்று எடுத்துக்கொண்டு மேடையில் பேச வேண்டாம். அதுபோல வடமொழியில் ‘கர்ஷம்’ என்ற நிறையின் பெயரோடு நம் காசை இணைத்துப் பார்க்கும் அறிஞர்களும் இருக்கிறார்கள்.

கோட்டைவாசல்

அக்கா, அப்படியானால் காசும் நம்முடையது இல்லையா?

தம்பலகாமத்து ஆசிரியை

தம்பி, ஒலி நெருக்கமாக இருக்கிறது என்பதால் மட்டும் கேஷ் நம்முடையது ஆகாது என்று இப்போதுதான் ஒப்புக்கொண்டீர்கள். கர்ஷத்துக்கும் அதே தராசு. ஈராயிரம் ஆண்டு தமிழ்ப்பாட்டில் இருக்கும் சொல்லை நம்மிடமிருந்து யார் எடுக்கப் போகிறார்கள்?

பழங்காசு

ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம். வேப்பம்பழத்தை இனி வேறு கண்ணால்தான் பார்ப்பேன்.

ஒரு சிறு சேர்க்கை. சோழர் கல்வெட்டுகளில் ‘ஈழக்காசு’ என்ற பெயர் வருகிறது. நம் தீவின் பெயரைத் தாங்கிய காசு அக்கரையிலும் எண்ணப்பட்டது. இராசராசன் பெயர் பொறித்த செப்புக்காசுகள் இங்கே நிறையக் கிடைக்கின்றன. பொலன்னறுவை அரசர்களும் அதே வடிவத்திலேயே அடித்தார்கள். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் நந்தியும் ‘சேது’ என்ற தமிழ் எழுத்தும் பொறித்தார்கள்.

புதுக்கோட்டை மருமகள்

திருகோணமலைக்கு மருமகளாக வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. முதல் வாரத்தில் மாமியார், "காசு வைத்திருக்கிறாயா பிள்ளை?" என்று கேட்டார். நான் கைப்பையைத் துழாவிச் சில்லறையை அள்ளிக் கொடுத்தேன். அவர் கேட்டது கடைக்குப் போகப் பணம். நெற்றியைத் தொட்டுச் சிரித்தார். எங்கள் ஊரில் காசு என்றால் என் பாட்டிக்கு முதலில் நினைவு வருவது அம்மன் காசு. புதுக்கோட்டைச் சமஸ்தானம் அடித்த சின்னஞ்சிறு செப்புக்காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’. நவராத்திரியில் அரிசியோடு கொடுப்பார்கள்.

இங்கே எனக்குப் பழக நாள் எடுத்த சொல் சதம். நாங்கள் பைசா என்போம். துட்டு என்றும் சொல்வோம். அது எங்கிருந்து வந்தது என்று யாராவது சொல்லுங்கள்.

பழங்காசு

மகள், துட்டு கேட்டீர்கள். அது என் மனதுக்கு மிக நெருங்கிய கதை.

ஒல்லாந்தரிடம் ‘டொயிட்’ என்ற செப்புக்காசு இருந்தது. 1726 முதல் தங்கள் ஒல்லாந்துக் கம்பனியின் மூன்று எழுத்துப் பின்னல் முத்திரையோடு ஆசிய வணிகத்துக்கென்றே அடித்து அனுப்பினார்கள். சிங்களத்தில் ‘துட்டுவ’ அதிலிருந்து வந்தது. நம் துட்டுக்கும் அதையே மூலமாகச் சொல்வார்கள் பலர். அயல் பெயராக வந்து, பத்துப் பேர் கை மாறி, நம் பேச்சில் குடியேறிவிட்டது.

இந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் அறிய வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தர் இலங்கையிலேயே ‘ஸ்டைவர்’ காசு செய்தார்கள். முத்திரைக்கு மேலே ஓர் எழுத்து இருக்கும். கொழும்புக்கு ‘சி’, காலிக்கு ‘ஜி’. ‘டி’ என்று இருந்தால் அது திருகோணமலை. என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது. தடித்த செம்பு, விளிம்பு ஒழுங்காக இல்லை, வேண்டாம் என்று வெட்டி எறிந்த துண்டு போலத்தான் தெரியும். சாய்த்துப் பிடித்தால் அந்த எழுத்தின் குறுக்குக்கோடு நிழல் விழுந்து எழும்பும். 1795 இல் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்ததோடு அந்த எழுத்தின் காலம் முடிந்தது.

அந்தக் காலக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒல்லாந்தரின் ‘ரிக்ஸ்டாலர்’ நம் பேச்சில் இறைசால். 48 ஸ்டைவர் ஓர் இறைசால், 12 பணம் ஓர் இறைசால். அப்போது பணம் என்பதும் ஒரு காசின் பெயர்தான். 1825 இல் ஆங்கிலேயர் இறைசாலுக்கு ஒன்றரைச் சில்லிங் என்று விலை வைத்துத் தங்கள் வெள்ளியைக் கொண்டுவந்தார்கள். 1872 தை முதலாம் திகதி ரூபாயும் சதமும் வந்தன. ரூபாய் நூறாகப் பிரிந்தது இங்கே முதலில். இந்தியாவில் அணாக்கணக்கு போய் நூறு பைசா வந்தது 1957 இல். நீங்கள் பைசாவோடு வந்த இடத்தில் சதத்துக்கு 85 ஆண்டு மூப்பு.

கோட்டைவாசல் தம்பிக்கு ஒரு ஆறுதல். வடமொழிச் சதமும் ஆங்கிலச் சென்ட்டுக்கு மூலமான இலத்தீன் ‘சென்டும்’ என்பதும் ஒரே பழஞ்சொல்லின் இரண்டு கிளைகள். உறவு தேடுகிறவர்கள் அங்கே தேடலாம்.

கோட்டைவாசல்

தேடுகிறேன் ஐயா. அந்த ‘டி’ காசைப் பற்றி இத்தனை நாளாகத் தெரியாமல் கோட்டை வாசலைக் கடந்து போய் வந்திருக்கிறேனே.

ஓய்வுபெற்ற காசாளர்

சதம் இப்போது பேச்சில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. "ஐந்து சதத்துக்கும் உதவாது" என்கிறார்கள். சொல்லும் பிள்ளை அந்தக் குற்றியைக் கண்டதே இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த நாட்களில் சதுர வடிவ ஐந்து சதத்தை விரல் நுனியாலேயே பிரித்து எடுப்பேன், பார்க்க வேண்டியதில்லை.

உப்புவெளி வாசி

எல்லோருக்கும் நன்றி. மகள் அந்த வரியைத் திருத்திவிட்டாள். "சீனத்துக் காசுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் நம் காசிலிருந்து போனது; அவர்கள் கடையில் கேட்கும் கேஷ் வேறு சொல்" என்று இருக்கிறது இப்போது. அடுத்த பந்தி முழுவதும் மீன் சந்தை. ஆசிரியை படித்துவிட்டு நேரம் ஒரு நிமிடம் கூடிவிட்டது என்று மட்டும் சொன்னாராம். எதைக் குறைப்பது என்று தெரியாமல் இருக்கிறாள்.

நேற்று அம்மா பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போய்ப் பனையோலைக் கொட்டப்பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே இருந்த துணியை விரித்தார். காசாளர் ஐயா சொன்ன சதுர ஐந்து சதம் இரண்டு, பூ விளிம்பு வைத்த பத்துச் சதம் ஒன்று, தேய்ந்து முகம் தெரியாத செப்புக்காசு ஒன்று. வெற்றிலை வாசனை இன்னும் போகவில்லை. தேய்ந்த காசை அம்மாவுக்கு அவர் அம்மா கொடுத்தாராம். அது எந்த ஊர்க் காசு என்று மகள் கேட்கிறாள்.

பழங்காசு ஐயா, ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு வரலாமா? உங்கள் ‘டி’ எழுத்துக் காசையும் பிள்ளை பார்க்க ஆசைப்படுகிறாள்.

பழங்காசு

தாராளமாக வாருங்கள். மாலை நாலு மணிக்கு வந்தால் சாய்ந்த வெயில் இருக்கும், எழுத்து நன்றாகத் தெரியும். அதுவரை அம்மாவின் காசைப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். துணியோடு அப்படியே கொண்டுவாருங்கள்.